பிசகாத சடங்கு

செஸ்தியா செத்துப்போனபோது அவளைப் பெற்றவள் இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். போக முடியவில்லை.

அந்த வாரம் ரோமாபுரியில் குடும்பப் பெண்கள் யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று ஊரை ஆளும் சபையின் உத்தரவு. கன்னேப் போரில் படை மொத்தமும் அழிந்தது என்ற சேதி வந்த அன்று பெண்கள் தலைவிரிகோலமாகச் சந்தைக்கும் கோட்டை வாசலுக்கும் ஓடினார்கள். அந்த ஓலத்தைக் கேட்டால் மிச்சமிருக்கிற ஆண்களுக்கும் கைகால் விட்டுப்போகும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அழுவதானால் வீட்டுக்குள் அழுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். செஸ்தியாவின் புருஷனும் கன்னேயில்தான் கிடந்தான். அதைக் கேட்டதுமே அவளுக்கு நாள் முந்திப் பிரசவ வலி கண்டுவிட்டது. மாமியார் வீட்டு அடிமைப்பெண் புழக்கடைச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "உங்களைத்தாம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தாய் ருதீலியா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியை மறித்தவன் அவள் புருஷன். செஸ்தியுஸ் கெட்டவன் அல்ல. ஆற்றங்கரைத் தானியக் கிடங்கில் அளவுக்காரன். உத்தரவு என்றால் அவனுக்கு உத்தரவுதான், அதில் கூடக்குறைய ஒரு மணி கிடையாது. தெருமுனையில் காவல் நிற்கிறது, நான் போய் அதிகாரியிடம் அனுமதி வாங்கி வருகிறேன், நீ இரு என்றான். சொன்னபடி வாங்கியும் வந்தான். அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையும் தங்கவில்லை.

ஊரே சாவு வீடாகக் கிடந்த நேரம். யாருக்காகவும் காத்திருக்க யாருக்கும் பொழுதில்லை. சம்பந்தி வீட்டார் உடம்பின் முன்னால் ஒரு பெட்டைப் பன்றியை அறுத்துக் கெரஸ் தெய்வத்துக்குக் கொடுத்து, வீட்டுத் தீட்டைக் கழித்து, சிதைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ருதீலியா போய்ச் சேர்ந்தபோது முகம் தீக்குள் போயிருந்தது. கடைசியில் எப்படி இருந்தாள் என்று சம்பந்தியம்மாளைக் கேட்டாள்.

"எப்படி இருப்பா? என் பையன் மொகத்த நான் பாத்தனா? போ, போயி உன் வீட்ல அழு."

அதற்குப் பிறகு ருதீலியாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

கறுப்பு உடுத்தினாள். அவள் குடியிருந்த அவெந்தின் மேட்டில் கறுப்பு உடுத்தாத பெண் யார் இருந்தாள்? அதுவே சபைக்கு அடுத்த கவலையாகப் போயிற்று. வருஷா வருஷம் கெரஸ் கோயிலில் பெண்கள் செய்யும் சடங்கு அந்த வருஷம் நின்றுபோனது. துக்கத்தில் இருப்பவள் அதில் சேரக் கூடாது. துக்கம் இல்லாதவள் ஒருத்திகூட ஊரில் இல்லை. தெய்வமும் கோபித்துக்கொண்டால் இனி தாங்காது என்று பயந்து, துக்கம் முப்பது நாளோடு சரி, அதற்குமேல் ஒருத்தரும் கறுப்பு உடுத்தக் கூடாது என்று சபை இன்னோர் உத்தரவு போட்டது. முதல் உத்தரவு அவளைப் போகவிடவில்லை, இரண்டாவது அழவிடவில்லை. ருதீலியா வெள்ளைக்கு மாறினாள்.

பிலின்னா அவள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். தெற்கே வெலியா ஊர்க் கிரேக்கச்சி. நின்றுபோன சடங்குக்குப் பதிலாகச் சபை கொண்டுவந்த கெரஸ் கோயிலின் புதுச் சடங்கு கிரேக்கர்களிடமிருந்து வாங்கியது. அதைச் செய்யத் தெரிந்தவள் கிரேக்கச்சியாக இருக்க வேண்டும். ஊருக்காக வேண்டிக்கொள்கிறவளோ ரோமாபுரிக்காரியாக இருக்க வேண்டும். ஆகவே பிலின்னாவைக் கூட்டிவந்து, குடியுரிமையும் கொடுத்து, இரண்டையும் ஒரே ஆளில் முடித்துக்கொண்டார்கள். ஒல்லியான உடம்பு. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். ஒருத்தனுக்கே வாழ்க்கைப்பட்டு, அவனும் உயிரோடு இருக்கிற பெண் வேண்டும், சடங்கில் தாயாக நிற்க, என்றாள். அந்த மேட்டில் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். செஸ்தியுஸுக்குப் போருக்குப் போகிற வயசு தாண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஓப்பியாவும் அப்போது அங்கே இருந்தாள். இரண்டு தம்பிகளைப் பறிகொடுத்தவள். வாய் மட்டும் அடங்கவில்லை.

"எங்க கெரஸுக்குப் புள்ளகுட்டியே கெடையாது பூசாரியம்மா. பயிரு பச்சையப் பாத்துக்கிட்டு செவனேன்னு இருந்தா. நீங்க வந்துதான் பெத்துக் குடுத்தீங்க."

"பெத்தது நாங்க. வளக்கப்போறது நீங்கதானக்கா" என்றாள் பிலின்னா.

ஓப்பியா சொன்னதில் பொய்யில்லை. ரோமாபுரித் தெய்வங்களுக்கு வேலை உண்டு, கதை கிடையாது. கதவுக் கீலுக்கு ஒருத்தி, களை எடுப்புக்கு ஒருத்தன், கெட்டுப்போன கோதுமைக்கு ஒருத்தி. யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. ருதீலியாவுக்குத் தெரிந்த கெரஸ், விதைத்தால் கொடுப்பாள், செத்தால் பன்றி வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான்.

பிலின்னா கதையைச் சொன்னாள். எங்கள் ஊரில் அவள் பெயர் டெமீட்டர். அவளுக்கு ஒரே பெண். பூப்பறிக்கப் போன இடத்தில் மண் பிளந்து, கீழுலகத்து ராஜா அவளைத் தூக்கிக்கொண்டு போனான். பெண் கத்தின சத்தம் தாய்க்குக் கேட்டது. ஓடி வருவதற்குள் மண் மூடிக்கொண்டது.

ருதீலியா பயறு உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பந்தத்த ஏத்திக்கிட்டு ஒலகம் பூரா தேடினா. சாப்பிடல, குளிக்கல. பயிரு ஒண்ணும் மொளைக்க விடல."

"அப்புறம் வந்தாளா?"

"வந்தா" என்றாள் பிலின்னா. "அதுக்குத்தான் இந்தச் சடங்கே."

அவள் கதை சொன்னாள். ருதீலியா அதைக் கதையாகக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. ஊர்வலத்தில் தேரோட்டி இடது கையால் கடிவாளத்தைப் பிடித்துவிட்டான் என்பதற்காகத் திருவிழாவையே முதலிலிருந்து திரும்பச் செய்கிற ஊர் அது. சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்து, எங்கும் பிசகாமல் முடித்துவிட்டால் தெய்வம் தன் பங்கைச் செய்தாக வேண்டும்; மாட்டை விற்றவன் கயிற்றைக் கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தாய் தேடினால் பெண் வருவாள், அதற்குத்தான் சடங்கு என்று சடங்கைக் கொண்டுவந்தவளே சொல்கிறாள். நான் நிற்கிறேன் என்று ருதீலியா சொல்லிவிட்டாள்.

நோன்பு தொடங்கியது. ரொட்டி தொடக் கூடாது, திராட்சை மது கூடாது, புருஷனோடு ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது ஒன்று இருந்தது. சடங்கு முடிகிறவரை சேர்ந்தவர்கள் யார் வாயிலிருந்தும் அப்பா என்றோ மகள் என்றோ ஒரு சொல் வரக் கூடாது. கதையில் பெண்ணின் தகப்பன்தான் அவளைக் கீழுலகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தவன். அந்த இரண்டு பேச்சையும் தாய் காதில் போடக் கூடாது. வந்தால் சடங்கு கெட்டது. மற்றப் பெண்களுக்கு நாக்கு நழுவிக்கொண்டே இருந்தது. தண்ணீர்த் துறையில் ஓப்பியா, "எங்க... அவரு... அம்மாவக் கட்டினவரு" என்று தன் தகப்பனைச் சொல்லத் திணறினாள். துக்கத்திலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ருதீலியாவுக்கு மட்டும் ஒரு தடவைகூட நழுவவில்லை.

கிரேக்கச் சொற்களை உருப்போட்டாள். தேடும்போது கூப்பிட வேண்டிய கூப்பாடு, கண்டதும் எழுப்ப வேண்டிய 'வந்துவிட்டாள், கண்டேன்' என்ற முழக்கம், எல்லாம் கிரேக்கம். கிரேக்கத்தை வாயில் சுடுகஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கிறது என்று ஓப்பியா அலுத்துக்கொண்டாள். ருதீலியா அரைக்கும்போதும் பெருக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள். அவளுடைய சுத்தத்தைப் பார்த்துப் பிலின்னாவுக்கே லேசாகப் பயம் வந்தது. இவ்வளவு வேண்டாமக்கா, கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள்.

செஸ்தியாவின் பழைய அறையை ருதீலியா கழுவிவிட்டாள். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி, கம்பளி மாற்றி, ஒரு கூடையில் அத்திப்பழம் வைத்தாள். செஸ்தியுஸ் கிடங்கிலிருந்து வந்தவன் அறை வாசலில் நின்றுவிட்டான்.

"யாரு வராங்க?"

அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. ருதீலியா கம்பளியை நீவிக்கொண்டே, "விருந்தாளி" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவளோடு பேசப் பயந்துகொண்டிருந்த மனுஷன், அந்தச் சிரிப்பைக் கலைக்க மனமில்லாமல், சரி என்று போய்விட்டான்.

சடங்கன்று பொழுது இறங்கும் நேரத்தில் பெண்கள் வெள்ளை உடுத்து, கோதுமைக் கதிர் சூடி, பந்தங்களோடு மேட்டைச் சுற்றினார்கள். ஆண்கள் கதவடைத்து உள்ளே இருந்தார்கள். முன்னால் ருதீலியா. அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் பின்னால் வந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவரவர் சாவு அவரவருக்கு நினைவு வந்தது, ஆனால் அழக் கூடாது. கடைசியில் கோயிலின் கீழறை வாசலில் வந்து நின்றார்கள். குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு தாழ்ந்த வாசல். பிலின்னா வெண்கலத்தைத் தட்டினாள். கதவு திறந்தது.

இருட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். முதலில் கால், பிறகு வெள்ளைத் துணி. ருதீலியா பந்தத்தை உயர்த்தி முகத்தைப் பார்த்தாள்.

பெத்தீலியா. தோல் பதனிடுகிறவர்கள் தெருவில் இருந்த சிறுமி. சடங்கில் பெண்ணாக வரப்போவது அவள்தான் என்று ருதீலியாவுக்கு யாரோ சொல்லித்தான் இருந்தார்கள். எந்தச் சிறுமி உள்ளே போனால் என்ன, வெளியே வரப்போவது வேறு என்று அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிறுமி சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் நீட்டினாள். பெண்கள் முழக்கத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது என் மக இல்ல" என்றாள் ருதீலியா.

கத்தவில்லை. கொடுத்த சாமானில் குறை கண்டவள் திருப்பிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். கும்பலில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். ருதீலியா சிறுமியை விலக்கிவிட்டு வாசலில் குனிந்து, உள்ளே பந்தத்தை நீட்டி, மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஓப்பியாவும் இன்னொருத்தியும் அவளை இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

விஷயம் குருக்கள் சபைக்குப் போனது. சடங்கு கெட்டது, முதல் நோன்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். பிசகிய வாய்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால் தாயும் பெண்ணும் அதே ஆட்கள். மறுபடியும் கெட்டால், குற்றம் சடங்கைக் கொண்டுவந்தவளிடம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியனுப்பினார்கள். இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பிலின்னாவுக்குத் தெரியும். ஆபத்துக் காலத்தில் பிரித்துப் பார்க்கும் குறி ஏட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று மாட்டுச் சந்தையில் ஒரு கிரேக்கனையும் ஒரு கிரேக்கப் பெண்ணையும் உயிரோடு மண்ணுக்குள் இறக்கி மூடியது அந்த வருஷம்தான். குடியுரிமை எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ருதீலியா மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டாள். செஸ்தியுஸ் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "அன்னிக்கு உன்னப் போக விட்டிருக்கணும்" என்றான். ருதீலியா அவன் பக்கம் திரும்பினாள். கஞ்சியில் கொஞ்சம் குடித்தாள்.

பிலின்னா வந்தபோது பெத்தீலியாவையும் கையில் பிடித்துக் கூட்டி வந்தாள். தனக்காக அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. "இந்தப் புள்ள கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். சாமியே வேண்டாம் என்று தள்ளிய பெண் என்று தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. கூட விளையாடுகிறவர்கள் கூப்பிடுவதில்லை. சிறுமி நின்ற இடத்தைவிட்டு நகராமல், தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? சொன்னபடிதான வந்தேன்."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல கண்ணு."

"பின்ன ஏன் என்ன வேணாம்னீங்க?"

சிறுமி மூக்கை உறிஞ்சினாள். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கு உள்ள வெச்சு மூடினாங்கல்ல. செத்தவங்கல்லாம் கீழதான் இருப்பாங்கன்னு பூசாரியம்மா சொன்னாங்க. அதான் தேடிப் பாத்தேன். சொவரையெல்லாம் தடவித் தடவிப் பாத்தேன்."

"யாரத் தேடின?"

"சொல்லக் கூடாதே. கன்னேக்குப் போனாங்கல்ல, அவங்களத்தான்." சிறுமி கையை விரித்துக் காட்டினாள். "யாருமே இல்ல அத்த. வெறும் பானைங்கதான் இருந்துச்சு. ஒரு பானைக்குள்ளகூட கையவிட்டுப் பாத்தேன்."

ருதீலியா அப்போதுதான் அழுதாள். சபை கொடுத்த முப்பது நாளில் வராத அழுகை. சிறுமியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், அவள் தலைமயிரில் முகத்தை வைத்து அழுதாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு நின்ற அதே நேரத்தில், அந்தப் பக்கம் இருட்டில் இது இன்னொரு முகத்தைத் தேடியிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதுதான் மிச்சம்.

"மறுபடி உள்ள வெப்பாங்களா?" என்றாள் சிறுமி.

"வெப்பாங்க."

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் பயமா இருக்கு."

"நான் சீக்கிரமா சுத்தி வந்துர்றேன். வந்து நேரா உன்னக் கூட்டிக்கிறேன்."

"என்னக் கண்டேன்னு அந்த வார்த்தைய சொல்வீங்களா?"

சொல்கிறேன் என்றாள் ருதீலியா. சொல்லிவிட்டால், தேடியது கிடைத்துவிட்டது என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். இனி தேட முடியாது. சொல்லாவிட்டால் இந்தச் சிறுமி காலமெல்லாம் தள்ளப்பட்டவள். முற்றத்தில் நிற்கிறவளோ மண்ணுக்குள்ளேகூடப் போகலாம்.

இரண்டாம் முறை நோன்பிருந்தபோது அவள் எதையும் உருப்போடவில்லை. எல்லாம் தானாக வந்தது. அந்தி நேரத்தில் மறுபடி வெள்ளை, மறுபடி பந்தம். மகள் வாழ்க்கைப்பட்ட தெருவைக் கடக்கும்போது மட்டும் அவளுடைய கூப்பாடு கொஞ்சம் தாழ்ந்தது. பின்னால் வந்த ஓப்பியா அதை எடுத்துக் கொடுத்தாள். சொன்னபடி ருதீலியா வேகமாக நடந்தாள். பந்தம் பிடித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

வெண்கலம் ஒலித்தது. கதவு திறந்தது. சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து வந்தாள். கையை நீட்ட மறந்துவிட்டாள்.

ருதீலியா பந்தத்தைக் கீழே சாய்த்துக்கொண்டாள்; இந்த முறை முகம் பார்க்க வெளிச்சம் தேவைப்படவில்லை. சிறுமியின் கையை எட்டிப் பிடித்து நிமிர்த்தினாள். கிரேக்கச் சொற்களை ஒவ்வொன்றாக, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், மேடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வந்துவிட்டாள், கண்டேன்.

பெண்கள் ஆரவாரித்தார்கள். புருஷனைக் கொடுத்தவளும் பிள்ளையைக் கொடுத்தவளும் கைதட்டிக் குலவையிட்டார்கள். அந்த இடத்தில் சந்தோஷப்பட வேண்டும் என்பது முறை; பிசகாமல் சந்தோஷப்பட்டார்கள். பிலின்னா கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிறுமியின் கைகள் கீழறைக் குளிரில் சில்லிட்டிருந்தன. ருதீலியா அவற்றைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "சரியா வந்தனா?" என்று சிறுமி காதோரம் கேட்டாள். சரியாக வந்தாய் என்றாள்.

கூட்டம் ரொட்டிக்கும் பாலாடைக்கும் மேலே ஏறத் தொடங்கியது. கதவு திறந்தே கிடந்தது. பந்தத்தோடு வந்த ஒருத்தி குனிந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். வேறு யாரும் இல்லை என்று கண்டு, இழுத்துச் சாத்திவிட்டு, எல்லோருக்கும் பின்னால் படியேறிப் போனாள்.